காலியாக நின்ற கட்டம்

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தில் நாங்கள் இருக்கிற நார்மனில் காற்றடிக்காத நாள் அபூர்வம். அன்றும் ஸ்கோர் புக்கின் தாள் பறக்காமல் இருக்க இரண்டு துணிக் கிளிப்பைப் போட்டுவிட்டு, டக்அவுட்டை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகள் ஆடுகிற 12 வயதுக்குட்பட்டோர் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) அணிக்கு இரண்டு வருஷமாக நான்தான் ஸ்கோரர். திண்டுக்கல்லில் அண்ணன் ஆடிய கிரிக்கெட் மேட்சுகளுக்குப் பத்து வயதிலிருந்தே நோட்டில் ஸ்கோர் எழுதிய கை இது. ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, ஓவர் முடிந்தால் கோடு என்று எழுதிக்கொண்டே போவது எனக்கு அப்போதே பிடித்த வேலை. சாஃப்ட்பால் புத்தகம் வேறு மாதிரி. ஒவ்வொரு பேட்டருக்கும் இன்னிங்ஸுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் மெல்லிய கோட்டில் ஒரு சாய்சதுரம். பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய இடம், மொத்தம் நாலு. முதல் பேஸுக்குப் போனால் ஒரு பக்கத்தை அழுத்தி வரைவோம், இரண்டாவதுக்குப் போனால் அடுத்த பக்கம். ஒரு சுற்று முடித்து வந்துவிட்டால் சாய்சதுரம் முழுவதையும் பென்சிலால் கறுப்பாக்கிவிடுவோம். ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் முழுச் சுற்றும் வந்துவிடுவது என்றால், ஒரே மூச்சில் கறுத்துவிடும். அப்படி ஒரு கட்டத்தை நிரப்பும்போது, எந்த அணி அடித்திருந்தாலும் சரி, எனக்குள் ஒரு சந்தோஷம் வரும்.

அன்றைக்கு எதிரணியில் ஒரு சிறுமி இருந்தாள். முந்தின ஆட்டத்தில் அவள் இரண்டு ஹோம் ரன் அடித்தது எங்கள் கோச்சுக்குத் தெரிந்திருந்தது. அவள் மட்டையோடு வந்து நின்றதும் கோச் அம்பயரைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார். அடிக்காமலேயே முதல் பேஸ் கிடைப்பது வாக். அதை வேண்டுமென்றே கொடுப்பதற்கு சாஃப்ட்பாலில் பந்துகூடப் போட வேண்டாம், சொன்னால் போதும். அவள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்தாள். இரண்டாம் முறை வந்தாள், நாலு விரல். மூன்றாம் முறையும் அதேதான். நான் மூன்று கட்டத்திலும் வாக் என்பதற்கு பிபி என்று எழுதி, முதல் பக்கக் கோட்டை மட்டும் அழுத்தினேன். அன்று பிட்சர், அதாவது பந்து போடுகிறவள், என் மகள். அவள் கையில் பந்தை உருட்டிக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என் பெஞ்சுக்கு வந்தார். அந்தச் சிறுமியின் தாத்தா. பேத்தியின் வரிசையைப் பார்க்கலாமா என்று கேட்டார். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். வரிசையின் கடைசியில் கூட்டல் இருக்கும்: ஆட் பேட் 0, ஹிட் 0. அந்த முதல் 0 மேல் விரலை வைத்தார். "மூணு தடவை வந்து நின்னாளே. ஒரு தடவைகூட வரலைன்னு போட்டிருக்கே?" நான் விதியை விளக்கினேன். வாக் கிடைத்தால் அது ஆட் பேட் கணக்கில் சேராது, சேர்ந்தால் அவளுடைய சராசரி குறைந்துவிடும், அவள் நன்மைக்காகத்தான் இப்படி என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "விதி சரிதான்மா. நாங்க நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தோம், அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "அம்மா, எனக்கு எத்தனை வாக் போட்டீங்க?" என்றாள். மூன்று என்றேன். பிட்சர் கொடுத்த வாக் பிட்சர் கணக்கில்தான் ஏறும். "நான் ஒரு பந்துகூடப் போடலையே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

30, 16, 8, 34, 34

இந்த ஊரில் சாஃப்ட்பால் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில்தான் போய் முடியும். 2000, 2013, 2016, 2017, அப்புறம் 2021 முதல் 2024 வரை விடாமல் நான்கு என்று அணிக்கு எட்டு தேசியப் பட்டங்கள், எட்டும் கோச் பேட்டி காசோ (Patty Gasso) என்பவரின் காலத்தில். அவர் 1995ல் இங்கே வந்தபோது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு சாஃப்ட்பால் மைதானம் கிடையாது. நாங்கள் சாயங்காலம் நடக்கப் போகிற ரீவ்ஸ் பூங்காவில்தான் ஆடினார்கள். இன்றைக்கு அணி ஆடுகிற லவ்ஸ் ஃபீல்டு 2024 மார்ச்சில் திறந்தது. திறந்த அதே வாரக் கடைசியில் லூயிசியானா அணி வந்து, தொடர்ந்து 71 ஆட்டம் ஜெயித்திருந்த இவர்களைத் தோற்கடித்தது. அதற்கு முந்தைய வருஷம் 61 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, பெய்லர் பல்கலைக்கழக அணியிடம் 4-3. இந்த எண்களெல்லாம் இங்கே கடைக்காரரிலிருந்து பல் டாக்டர்வரை எல்லாருக்கும் மனப்பாடம்.

தாத்தா வந்துபோன அந்த ராத்திரி என் மனதில் ஓடியது இது எதுவுமில்லை. ஜாஸ்லின் ஆலோவின் 2022ஆம் வருஷம். ஹவாயில் ஹௌஊலா என்கிற சின்ன ஊரிலிருந்து நார்மனுக்கு வந்த பெண். கல்லூரி சாஃப்ட்பாலில் வாழ்நாள் ஹோம் ரன் சாதனை அதுவரை 95. அதுவும் இதே ஓக்லஹோமா அணியின் லாரன் சேம்பர்லைன் 2012 முதல் 2015 வரை ஆடி வைத்தது. அவருக்கு முன்னால் கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் ஸ்டேசி நூவ்மன் 90ல் நின்றார். ஆலோ 2022 பிப்ரவரி 20ஆம் தேதி 95ஐத் தொட்டார். 96 வந்தது மார்ச் 11ஆம் தேதி. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வாரம்.

சச்சின் 99வது சதம் அடித்தது 2011 மார்ச் 12, நூறாவது 2012 மார்ச் 16. அந்த ஒரு வருஷம் நம் வீடுகளில் எப்படிப் போனது என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. சச்சினுக்குப் பந்து போட மாட்டேன் என்று எந்த பௌலரும் சொல்ல முடியாது. போட்டுத்தான் ஆக வேண்டும். சாஃப்ட்பாலில் சொல்லலாம். அந்த மூன்று வாரமும் ஆலோ வந்து நின்றபோது பலமுறை பிட்சர்கள் பந்தை எட்டாத இடத்தில் போட்டார்கள், அல்லது நாலு விரல் காட்டப்பட்டது.  எந்தப் பிட்சருக்கும் 96வது ஹோம் ரனைக் கொடுத்தவர் என்கிற பெயரோடு காலம் தள்ள விருப்பம் இருந்திருக்காது என்றும் தோன்றுகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசியில் 96வது விழுந்தது ஹொனலுலுவில், ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, ஆலோவின் சொந்தத் தீவில். அந்த ஹவாய் அணிதான் 2010ல் ஒரே சீசனில் 158 ஹோம் ரன் அடித்துச் சாதனை வைத்திருந்தது. 2021ல் ஆலோ இருந்த ஓக்லஹோமா அணி 161 அடித்து அதைத் தாண்டியிருந்தது.

ஆலோ முடித்தது 122ல். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருபது வருஷமாக இந்த அணியின் எல்லா உள்ளூர் ஆட்டத்துக்கும் போகிறவர். 122 என்று யாராவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். "லாரனுக்குக் கிடைச்சது நாலு வருஷம். இவளுக்கு அஞ்சு. ரெண்டையும் ஒரே தாள்ல எப்படி எழுதுறது?" என்பார். அவர் சொல்வது தப்பில்லை. 2020 மார்ச் 12ஆம் தேதி கோவிட் காரணமாக சீசன் நின்றது. அந்த மாதக் கடைசியில் கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்பு, அப்போது ஆடிக்கொண்டிருந்த எல்லாருக்கும் ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்தது. ஆலோவின் 2022 அப்படி வந்த ஐந்தாவது வருஷம். வருஷவாரியாக எழுதினால் இப்படி வரும்: 30, 16, 8, 34, 34. நடுவில் இருக்கிற அந்த 8தான் 2020.

வேலியைத் தாண்டி அவரோடு இதைப் பலமுறை பேசியிருக்கிறேன். வருஷம் கூடினால் கூடாத கணக்கு ஒன்று இருக்கிறதே என்பேன். ஸ்லக்கிங் என்று ஒரு அளவு உண்டு, ஒரு ஆட் பேட்டுக்கு சராசரியாக எத்தனை பேஸ் எடுத்தார் என்பது. அதிலும் சேம்பர்லைன் 0.960ல் வைத்த சாதனையை ஆலோ 0.987ல் தாண்டியிருக்கிறார். ஐந்து வருஷம் ஆடினாலும் பத்து வருஷம் ஆடினாலும் சராசரி தானாக ஏறாது. இன்னொன்று, எட்டு ரன் வித்தியாசம் இருந்தால் ஐந்து இன்னிங்ஸோடு ஆட்டம் முடிந்துவிடும். இந்த அணி அப்படி முடித்த ஆட்டங்கள் ஏராளம். அணி பலமாக இருப்பதாலேயே அதில் அடிக்கிறவளுக்கு வாய்ப்பு குறைகிறது. பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அப்புறம், "நாலு வருஷம், அஞ்சு வருஷம்" என்று முதலிலிருந்து தொடங்குவார்.

ரசீதின் பின்பக்கம்

அந்தச் சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி இருக்கும். சமையல் மேடையில் கிடந்த மளிகை ரசீதைத் திருப்பிப் போட்டு ஒரு கணக்குப் போட்டேன். 2020ல் சீசன் நிற்கும்வரை அணி ஆடியது 24 ஆட்டம், 20 வெற்றி, 4 தோல்வி. ஆலோ அடித்தது 8. மூன்று ஆட்டத்துக்கு ஒன்று. அடுத்த வருஷம் அணி ஆடியது 60 ஆட்டம். 2020லும் அதே 60 ஆடியிருந்தால்? 20 ஹோம் ரன். 30, 16, 20, 34. கூட்டினால் சரியாக 100. அதாவது கோவிட் வராமல் இருந்து, நாலே வருஷத்தோடு ஆலோ முடித்திருந்தாலும் 95ஐத் தாண்டியிருப்பார். ஐந்தாவது வருஷமே தேவைப்பட்டிருக்காது.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரசீதை மடித்துச் சாவிக் கொத்துக்கு அடியில் வைத்தேன். காலையில் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் நீட்ட வேண்டும். இனி அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டே போய்ப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை. அந்தத் தாத்தாவின் விரல் வந்து வந்து போனது. மூன்று தடவை வந்து நின்றாளே என்று அவர் கேட்டபோது, நடந்ததை மட்டும்தான் எழுத முடியும் என்கிற மாதிரி நான் விதியைச் சொன்னேன். அவரும் ஒன்றும் நடக்காததை எழுதச் சொல்லவில்லை. அந்தச் சிறுமி முந்தின ஆட்டத்தில் இரண்டு அடித்தாளே, இன்றும் ஒன்றாவது அடித்திருப்பாள் என்று கேட்டு வாங்கவில்லை. வந்து நின்றாள், அது எங்கே என்று மட்டும்தான் கேட்டார். நானோ ராத்திரியில் உட்கார்ந்து, யாரும் போடாத பந்தில் யாரும் அடிக்காத 12 ஹோம் ரனை ஒரு ரசீதில் அடித்து வைத்திருக்கிறேன். அந்த 36 ஆட்டத்தில் கை முறிந்திருக்கலாம். 2019ல் 30லிருந்து 16க்கு இறங்கினாரே, அதுபோல ஒரு சரிவு வந்திருக்கலாம். 30கூட அடித்திருக்கலாம். அந்த மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நார்மன் மைதானத்தில் புல் மட்டும்தான் வளர்ந்தது. அந்தப் பருவத்தில் கடைசி வருஷம் படித்தவர்களில் திரும்பி வராமல் போனவர்களும் உண்டு. அவர்களுடைய வரிசை அந்த 24 ஆட்டத்தோடு முடிந்துவிட்டது. அவர்களுக்கு யார் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போடப் போகிறார்கள்?

எழுந்துபோய் ரசீதைக் கிழித்துப் போட்டேன். 8 என்பது 8தான். ஆனால் அந்த 8க்குப் பக்கத்தில் 24 என்று எழுதியாக வேண்டும். என் சண்டை இப்போது இதுதான். கல்லூரிகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளியிடுகிற கணக்கில் வாக் எத்தனை, ஆட்டம் எத்தனை என்று எல்லாம் இருக்கிறது. சாதனைப் பட்டியல் என்று வரும்போது பெயர், வருஷம், ஒரு எண், அவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். 122, 98, 95 என்று மேலிருந்து கீழே படித்தால் ஒன்றும் தெரியாது. அந்த 98 டியாரே ஜென்னிங்ஸுடையது, அவரும் இதே அணிதான். 2021ல் வந்து 2024 வரை வெட்டுப்படாத நாலு முழு சீசன் ஆடியவர். சேம்பர்லைனும் நாலு வருஷம். ஆலோ நாலு முழு சீசனும் ஒரு அரைகுறைச் சீசனும். மூன்று பேருக்கும் பக்கத்தில் ஆட்டம், வாக் என்று இரண்டே இரண்டு பத்தி சேர்த்தால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் நானும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடியும். யார் பெரியவர் என்று தீர்ந்துவிடாது. என்ன நடந்தது என்பதாவது தெரியும்.

முதல் பக்கத்துக்கு முன்னால்

இப்படித் தோண்ட ஆரம்பித்ததும் எங்கே பார்த்தாலும் காலிக் கட்டமாகத்தான் தெரிந்தது. என்சிஏஏ சாதனைகள் என்கிற கணக்கு 1982ல் தொடங்குகிறது. அந்த வருஷம்தான் அவர்கள் பெண்கள் சாஃப்ட்பாலுக்கு முதல் தேசியப் போட்டி நடத்தினார்கள், யுசிஎல்ஏ ஜெயித்தது. ஆனால் கல்லூரிப் பெண்கள் தேசியப் பட்டத்துக்காக 1969லேயே நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் கூடி ஆடியிருக்கிறார்கள். முதல் மூன்று வருஷமும் ஜெயித்தது அதே மாநிலத்தின் ஜான் எஃப். கென்னடி கல்லூரி. தொடர்ந்து மூன்று! அந்தக் கல்லூரி 1975ல் மூடப்பட்டுவிட்டது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் ஸ்கோர் எழுதியிருப்பாரே, அந்த நோட்டு யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

1995 இன்னொரு விதம். இறுதியில் அரிசோனாவைத் தோற்கடித்தது யுசிஎல்ஏ. பிறகு ஸ்காலர்ஷிப் விதிமீறல் என்று என்சிஏஏ அந்தப் பட்டத்தை ரத்து செய்தது. தோற்ற அரிசோனா அணியில் லாரா எஸ்பினோசா அந்த ஒரே சீசனில் 37 ஹோம் ரன் அடித்திருந்தார். அந்த எண் புத்தகத்தில் இருக்கிறது. அவர் அணி யாரிடம் தோற்றதோ அந்த வெற்றி மட்டும் புத்தகத்தில் இல்லை. விதியை மீறினால் தண்டனை வேண்டும்தான். ஆனாலும் அன்றைக்கு வெயிலில் நின்று ஸ்கோர் எழுதியவர் பக்கமே எனக்கு மனம் போகிறது. அவர் பென்சிலால் கறுப்பாக்கிய கட்டங்கள் உண்மைதானே.

சரி, எங்கள் புத்தகத்துக்கு வருகிறேன். அடுத்த வாரத்திலிருந்து ஒரு மாற்றம் செய்தேன். பிட்சர் தானாகத் தவறி வாக் கொடுத்தால் வழக்கம்போல பிபி. நாலு விரல் காட்டிக் கொடுத்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். பிட்சர் பக்கமும் அதே வட்டம். பெரிய ஆட்டங்களில் இதற்கென்று தனிக் குறியே இருக்கிறது. குழந்தைகள் ஆட்டத்தில் யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. பழைய பக்கத்துக்குப் போய் அந்தச் சிறுமியின் மூன்று கட்டத்திலும் வட்டம் போட்டேன். மகளின் கணக்கிலும் மூன்று வட்டம்.

மே மாதம் அதே அணி மறுபடி வந்தது. நான் கோச்சிடம் எதுவும் பேசவில்லை. மகள் பேசியிருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தச் சிறுமி வந்து நின்றபோது கோச்சின் கை பாக்கெட்டிலேயே இருந்தது. முதல் முறை, உயரமாக அடித்த பந்தை சென்டர் ஃபீல்டில் பிடித்துவிட்டார்கள். எஃப்8 என்று எழுதினேன். இரண்டாம் முறை மகள் அவளை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினாள். மூன்றாம் முறை பந்து இடது பக்க வேலியில் போய் முட்டியது, இரண்டு பேஸ். மகள் திரும்பி வேலியையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் வருத்தம் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் தாத்தா வந்தார். கேட்பதற்கு முன்பே புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். விரல் 3 மேல் நின்றது. பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் வந்து, எஃப்8 என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். "நல்லா அடிச்சா அதை" என்றார். போனை எடுத்து அந்த வரிசையைப் படம் பிடித்தார். காற்றில் தாள் அசைந்துகொண்டே இருந்ததால் நான் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு தடவை எடுத்தார்.